நான் நடித்த அம்மா

முப்பத்தோரு வருஷம் தமிழாசிரியையாக வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் நடிகையாகவும் இருந்தேன். இதைச் சொன்னால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். "எந்தப் படத்துலங்க?" என்பார்கள். நான் சொல்வேன். அவர்களுக்கு ஞாபகம் வராது. கதாநாயகனின் அம்மா, கதாநாயகியின் அத்தை, பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் இரண்டாவது ஆள். அப்படியே போய் சீரியல் பெயரைச் சொன்ன பிறகுதான் "ஆமா, பாத்திருக்கோம்" என்பார்கள். சிலர் ஒரு படத்தை மட்டும் சரியாகச் சொல்லி, "அந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சீன் நீங்கதான?" என்று கேட்பார்கள். அந்த சீனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மீன்சுருட்டிக்குப் பக்கம். அப்பாவுக்கு முந்திரிக்காடு. திருச்சியில் கல்லூரியில் படித்தபோது ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஒத்திகை நடக்கும். கீழே பந்திச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது மேலே நாங்கள் ராஜாவையும் கொலையையும் நடித்துக்கொண்டிருப்போம். குழுவை நடத்தியவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். குரல் தொண்டையிலிருந்து வரக்கூடாது, அடிவயிற்றிலிருந்து வரணும் என்பார். வேலை கிடைத்து வகுப்பறைக்குள் நுழைந்த முதல் நாளே அது உதவியது. அறுபது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்த அறையில், கத்தாமல் கடைசி பெஞ்சு வரைக்கும் என் குரல் போனது.

பாடாலூரிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் அரசு உயர்நிலைப்பள்ளி. நாங்கள் பெரம்பலூர் டவுனில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலையில், பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் ஆலை பஸ்ஸில் அவர் கிழக்கே போவார், நான் டவுன் பஸ்ஸில் தெற்கே போவேன். நாடகத்துக்குப் போவதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. பார்க்கவும் அதிகம் வந்ததில்லை. வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, முடிந்ததும் "நல்லா இருந்துச்சு, வா பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார்.

எங்கள் நாடகம் ஒன்றைப் பார்த்த ஒரு டைரக்டர் என்னைப் படத்துக்குக் கூப்பிட்டார். பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக்காட்டில்தான் படப்பிடிப்பு. துறையில் அனுமதி வாங்கி, முழு ஆண்டு விடுமுறையில் போய் இரண்டு சீன் நடித்தேன். படம் வந்ததும் பார்த்தால் என் வாய் அசைகிறது, வேறு யாரோ பேசுகிறார்கள். போன் பண்ணிக் கேட்டேன். "உங்க பேச்சுல ஊர் வாடை தூக்கலா இருக்கு மேடம், அதான்" என்றார்கள். அந்த ஊரில் எடுத்த படம் அது. சரி என்று வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் மாவட்ட அளவில் பள்ளிகளுக்கு நாடகப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, குழந்தைத் திருமணம் கூடாது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "சினிமாவுல நடிச்ச டீச்சர் இருக்கையில நம்ம ஸ்கூல் சும்மா இருக்கலாமா?" என்றார். பதினைந்து நிமிஷ நாடகம் ஒன்றை எழுதினேன். பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிற பெண், அவளைக் கட்டிக்கொடுக்க நினைக்கிற அம்மா, வந்து தடுக்கிற டீச்சர். கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று, குழந்தைகளுக்கான உதவி எண்ணை மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைத் துணியில் பெரிதாக எழுதிப் பின்னால் கட்டினோம்.

மகள் வேஷத்துக்கு என் வகுப்பில், ஒன்பதாம் வகுப்பில், இருந்த ஒரு பெண்ணை எடுத்தேன். உயரமாக இருப்பாள். அதிகம் பேசமாட்டாள். மனப்பாடம் நன்றாக வரும். அதற்காகத்தான் எடுத்தேன், நடிப்பாள் என்று நினைத்து எடுக்கவில்லை. முதல் வாரம் ஒப்பிப்பதுபோலத்தான் பேசினாள். "அம்மா, நான் படித்து டாக்டர் ஆக வேண்டும்" என்பது நான் எழுதிய வசனம். அதைச் சொல்லும்போது அவள் கண் கூரையைப் பார்க்கும்.

இரண்டாவது வாரம் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. அம்மாவாக நடித்த பெண் தன் வசனத்தைச் சொல்லி முடித்தாள். இவள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள். மறந்துவிட்டது என்று நினைத்து எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் பேசினாள்.

"நான் வேணாம்னு சொல்லலம்மா. பரிச்ச முடியட்டும்னுதான் கேக்கறேன். அது வரைக்கும் கேக்கக்கூடாதா?"

சத்தம் போடவில்லை. முகத்தை எதுவும் பண்ணவில்லை. சும்மா நின்று சொன்னாள். இத்தனை வருஷ நாடகத்தில் அப்படி ஒரு வரியை நான் சொன்னதில்லை என்று தோன்றியது.

"இதையே வச்சுக்க" என்றேன். "டாக்டர் வசனம் வேணாம். எங்கேர்ந்து புடிச்ச இத?"

"சும்மா தோணுச்சு டீச்சர்" என்றாள்.

அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டேன். அவள் முன்னாலேயே எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டை எதிர்பார்க்கிறாள் என்று நினைத்து, "ரொம்ப நல்லா பண்ணுன" என்றேன்.

போட்டி பெரம்பலூரில் ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. அந்த வரி வந்தபோது முன்வரிசையில் இருந்த அதிகாரிகளில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்குத்தான் முதல் பரிசு. கப்பை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். வேனில் திரும்பி வரும்போது பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கப்பை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும். ஒரு திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது நாடகத்தில் அம்மாவாக நடித்த பெண் எழுந்து நின்றாள்.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு டீச்சர். வெள்ளிக்கிழம. கோயில்ல வச்சு."

வகுப்பில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அதற்கடுத்த பெயரையும் கூப்பிட்டேன். பதிவேட்டை முடித்துவிட்டுப் பாடம் எடுத்தேன். என்ன பாடம் என்று நினைவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சின்ன வெங்காயம் மலைபோலக் குவித்திருந்தது. அவளுடைய அம்மா தரையில் உட்கார்ந்து, காய்ந்த தாளை அரிவாளில் அரிந்து வெங்காயத்தைத் தனியே தள்ளிக்கொண்டிருந்தார். என்னைவிட இளையவராக இருப்பார். எழுந்திருக்கவில்லை. "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று ஒரு சாக்கைத் தள்ளிப் போட்டார்.

"புள்ள எங்க?" என்றேன்.

"ஜெயங்கொண்டத்துப் பக்கம் குடுத்துருக்கு. நேத்துதான் மறுவூடு வந்துட்டுப் போனா."

"அவளுக்குப் பதினாலு வயசுங்க."

"எனக்குத் தெரியாதா டீச்சர்?"

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கை நிற்கவே இல்லை. ஒரு பிடி எடுப்பது, அரிவது, தள்ளுவது. "நல்ல எடம். அவுங்க அப்பா இல்லாத வூடு. நான் காட்டு வேலைக்குப் போயிட்டா இவ தனியா இருக்கா. ஊருல நாலு பேரு நாலு விதமா இருக்கறானுங்க. நான் எத்தன நாளைக்குக் காவல் காப்பேன்?" ஒரு பிடி. "பரிச்ச முடியட்டும்னு கேட்டா. மாப்ள வூட்டுல தை முடியறதுக்குள்ள வேணும்னுட்டாங்க." இன்னொரு பிடி. "நீங்க நல்லா சொல்லிக்குடுத்தீங்களாம். கப்பெல்லாம் வாங்குனாளாமே."

பரீட்சை முடியட்டும் என்று கேட்டாள் என்பதை அந்த வாயிலிருந்து கேட்டபோது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார், குடித்தேன். குடித்துக்கொண்டே அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். கண்ணில் தண்ணி இல்லை. அவ்வளவு வெங்காயத்துக்கு நடுவில் இருந்தும் இல்லை.

மறுநாள் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "முடிஞ்சு போச்சேம்மா. இப்பப் போயி கேஸுன்னு குடுத்தா அந்தப் பொண்ணு வாழ்க்கதான் நடுத்தெருவுக்கு வரும். போன வாரந்தான் கப்பு வாங்கியிருக்கோம். யோசிச்சுக்கங்க." அவர் கெட்டவர் இல்லை. என்னிடம் விட்டுவிட்டார். நான்தான் யோசித்தேன். உதவி எண் எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு நான்தான் மனப்பாடம் பண்ணிவைத்திருந்தேன். போனைக் கையில் எடுத்து, வைத்து, எடுத்து, கடைசியில் கூப்பிடாமல் இருந்துவிட்டேன். ஒரு நாள் போனது. ஒரு வாரம் போனது. பிறகு கூப்பிட்டால் ஏன் இத்தனை நாள் கழித்து என்று கேட்பார்களே என்று ஒரு பயம் வந்தது. அந்தப் பயம் சௌகரியமாக இருந்தது.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தூக்கம் கெடவில்லை. சாப்பாடு இறங்கியது. என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீ ஒருத்தி என்ன பண்ண முடியும்?" என்றார். அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல்லுக்கு ஊசி போட்டால் உதடு நம்முடையதுபோலவே இருக்காதே, அந்த மாதிரி இருந்தது. தொட்டால் தெரிகிறது, ஆனால் வலி இல்லை. அதன் பிறகு பள்ளியில் நான் நாடகம் போடவில்லை. ஆண்டு விழா வந்தால் கும்மி சொல்லிக்கொடுத்தேன்.

மூன்று வருஷம் கழித்து இன்னொரு டைரக்டர் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். படத்தில் எனக்கு ஒரு பெண்ணின் அம்மா வேஷம். கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தப் பெண் வந்து "எனக்குப் பிடிக்கலம்மா" என்கிறாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே சமாதானம் சொல்ல வேண்டும். காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"நான் வேற மாதிரி பண்ணட்டுங்களா?" என்று கேட்டேன். "அழாம. பொண்ணப் பாக்காம. கையில ஒரு வேல வேணும்."

"என்ன வேலை மேடம்?"

"வெங்காயம் வேணும். சின்ன வெங்காயம், தாளோட. ஒரு மூட்டை."

கொண்டுவந்து கொட்டினார்கள். உட்கார்ந்தேன். எப்படி உட்கார வேண்டும், சாக்கை எப்படித் தள்ள வேண்டும், ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம், எல்லாம் என் கைக்குத் தெரிந்திருந்தது. வசனத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். "நான் எத்தன நாளைக்குக் காவல் காப்பேன்?" ஒரே டேக். கட் சொன்ன பிறகும் மகளாக நடித்த பெண் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். நான் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, மோர் இருக்கிறதா என்று கேட்டேன்.

இந்தத் தடவை என் குரலையே வைத்தார்கள். பத்திரிகைகளில் எழுதினார்கள். சங்கம் ஒன்று மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தியது. "அழாமலேயே அழ வச்சுட்டீங்க" என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கே இல்லை. அதன் பிறகுதான் வரிசையாக அம்மா வேஷம் வந்தது. சீரியலும் வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் சென்னைக்குப் பஸ் ஏறி, ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். எங்கேயும் இதைத்தான் கேட்டார்கள்: அந்தப் படத்தில் பண்ணியதுபோலப் பண்ணுங்க மேடம். பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அந்த வாசலில் போய் உட்கார்ந்து, எடுத்துக்கொண்டு வந்தேன். எடுக்கும்போது ஒன்றும் உறுத்தவில்லை. உறுத்தவில்லையே என்று நினைப்பேன், அதோடு சரி.

நடுவில் அரியலூருக்கு மாற்றல் கிடைத்து, வீட்டையும் அங்கே மாற்றினோம். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது, தம்பி வீட்டு விசேஷத்துக்காக மீன்சுருட்டிக்குப் போகவேண்டியிருந்தது. ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினேன். பின்னாலேயே ஒரு பெண், கையில் ஒரு சிறுமியைப் பிடித்துக்கொண்டு ஏறி, நேராக என் சீட்டுக்கு வந்தாள்.

"டீச்சர், என்னத் தெரியுதா?"

உயரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள். சிறுமியை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய விரல்நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. முந்திரி உடைக்கப் போகிறவர்களுக்கு கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற பால் பட்டு அப்படி ஆகும். எங்கள் ஊர்ப் பெண்களிடம் சின்ன வயதிலிருந்து பார்த்த கைதான்.

"எப்படி இருக்க?" என்றேன்.

"இருக்கேன் டீச்சர். மூத்தவ மூணாவது படிக்கிறா. இது ரெண்டாவது புள்ள. அவுரு கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்காரு. மாமியா கொஞ்சம் அப்படி இப்படி, இப்ப பரவாயில்ல." வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும், "உங்க படம் பாத்தேன் டீச்சர். செல்லுல. ரெண்டு மூணு தடவ பாத்தேன்" என்றாள்.

நான் வெளியே பார்த்தேன்.

"எங்கம்மாவத்தான பண்ணீங்க?"

"ஆமா."

"அப்படியேதான் இருந்துச்சு. எங்கம்மாவுக்கும் காட்டுனேன். பாதியில எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க."

"உனக்குக் கோவமா?"

"இதுல கோவப்பட என்ன இருக்கு?" மகளின் தலையில் ரிப்பனைச் சரிசெய்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "டீச்சர், அன்னிக்கு ஒத்திகையில நான் சொன்னது நாடகம் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியல" என்றேன். "நீ நடிக்கிறன்னுதான் நெனச்சேன்."

"நான் உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு நெனச்சேன். நோட்டுல எழுதுனீங்கல்ல. யார்கிட்டயோ சொல்லத்தான் எழுதிக்கிறீங்கன்னு நெனச்சேன். போட்டியில அவ்வளவு பெரிய ஆளுங்க உக்காந்திருந்தாங்களே, அதுக்கப்பறம் யாராச்சும் வருவாங்கன்னு வியாழக்கிழம வரைக்கும் பாத்தேன்."

பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். எங்கள் மூவருக்கும் நான் எடுக்கப்போனேன், அவள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டாள். "தப்பு பண்ணிட்டேன்" என்று சொன்னேன். சொன்னது காதில் கேட்டதா என்று தெரியவில்லை. சிறுமி ஜன்னலுக்கு வெளியே கோபுரத்தைக் காட்டி ஏதோ கேட்டாள், இவள் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கங்கைகொண்ட சோழபுரத்தில் அவள் இறங்கும்போது என் நம்பரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். நான்கு மாதம் கழித்துக் கூப்பிட்டாள். பத்தாவதைத் தனியாக எழுதலாமாமே, அதற்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சான்றிதழ் வேண்டும், அங்கே போனால் என்ன கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது என்றாள். நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

அடுத்த நாளே போனேன். பள்ளியில் எல்லாம் புது ஆட்கள். அலுவலகத்தில் இருந்த பெண் என்னை சீரியலில் பார்த்திருப்பதாகச் சொல்லி நாற்காலி போட்டார். பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்து, அவள் பெயரைக் கண்டுபிடித்து, விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனார். பள்ளியைவிட்டு நீங்கிய காரணம் என்ற இடத்தில் விரல் நின்றது.

"குடும்பம் குடிபெயர்ந்ததுன்னு போட்டிருக்கே மேடம். ஆனா விலாசம் இதே ஊராத்தான இருக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. வகுப்பாசிரியை என்ற முறையில் நான்தான் எழுதியிருக்கிறேன். எழுதிய நாள் துளிகூட நினைவில் இல்லை. யாரும் எழுதச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அப்படித்தான் எழுதுவது வழக்கம்.

"அது தப்பு" என்றேன். "நான் எழுதுனது. அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, அதான் நின்னா. பதினாலு வயசுல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். "இப்பப் போயி இதத் திருத்த முடியாதுங்க மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். "சர்டிபிகேட்டுல காரணமெல்லாம் வராது. நீங்க கவலப்படாதீங்க."

சான்றிதழில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட அரைமணி நேரம் ஆனது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் யாரோ செய்யுள் நடத்திக்கொண்டிருந்தார்கள். குரல் தொண்டையிலிருந்து வந்தது, கடைசி பெஞ்சுக்குக் கேட்டிருக்காது. அப்போதும் அழுகை வரவில்லை.

சான்றிதழை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்திரி உடைக்கிற கொட்டகைக்கு வெளியே வந்து, கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியா என்று ஒரு தடவை படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாடம் சொல்லித் தரட்டுமா என்று கேட்டேன்.

"தமிழ் நானே படிச்சுக்குவேன் டீச்சர்" என்றாள். "கணக்குதான் வராது. அதுக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா இருக்காங்க."

சரி என்றேன். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள். முதல் தடவை எழுதியதில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் போய்விட்டது. தமிழில் நல்ல மதிப்பெண். மறுபடி எழுதப்போவதாகப் போனில் சொன்னாள்.